பாசிட்டிவ் என்றால் நல்லதுதானே, தாயி?

2020 ஜூன் கடைசி. கொரோனாவுக்காக மதுரையை மறுபடியும் பூட்டியிருந்தார்கள். பல மாவட்டங்களில் கடைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டிருந்த நேரத்தில், ஜூன் 24 முதல் மாநகராட்சிக்கும் பரவைக்கும் சுற்றியுள்ள ஒன்றியங்களுக்கும் தனியாக ஒரு முழு ஊரடங்கு. மதுரைக்குள்ளேயே செல்லூரில் என் அக்கா வீடு. அக்கா மகள், பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதாமலே பாஸான கூட்டத்தில் ஒருத்தி. அந்த ஜூன் 9ஆம் தேதிதான் தேர்வை ரத்து செய்து எல்லோரும் தேர்ச்சி என்று அரசு அறிவித்திருந்தது.

எதிர்வீட்டுப் பையனுக்குக் கொரோனா பரிசோதனை முடிவு வந்துவிட்டது, பாசிட்டிவாம் என்று தெருவில் பேச்சு. அக்கா மகளை அவளுடைய அப்பத்தா கூப்பிட்டுக் கேட்டார்: “பாசிட்டிவ்னா நல்லதுதானே தாயி? அப்புறம் எதுக்குத் தெருவுல தகரத்தை வச்சு அடைக்கிறாய்ங்க?”

“அந்தப் பாசிட்டிவ் இல்ல அப்பத்தா. மூக்குல குச்சிய விட்டுக் கிருமி இருக்கான்னு தேடுறாங்க. தேடுனது கிடைச்சா பாசிட்டிவ். கிடைக்கலைன்னா நெகட்டிவ்.”

அப்பத்தா கொஞ்ச நேரம் யோசித்தார். “கிடைக்கலைன்னா இல்லைன்னு ஆயிருமா? நேத்துப் பூரா என் மூக்குக்கண்ணாடியத் தேடுனோம். கிடைக்கலை. வீட்டுக்குள்ளதானே கெடந்துச்சு?”

போனில் இந்தக் கதையைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. நான் திருமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். ஆர்டி-பிசிஆர் பரிசோதனையின் மிகப் பெரிய சங்கடத்தை இவ்வளவு சுருக்கமாக நான் யாருக்கும் சொன்னதில்லை. தொற்றிய முதல் ஓரிரு நாளில் மூக்கிலும் தொண்டையிலும் வைரஸ் குறைவாகவே இருக்கும். குச்சி சரியான இடத்தைத் தொடாமலும் போகலாம். அப்போது ‘நெகட்டிவ்’ என்று வரும். காய்ச்சலும் இருமலும் இருக்கிற ஒருவருக்கு நெகட்டிவ் வந்தால், ‘இன்னும் கிடைக்கவில்லை’ என்று வைத்துக்கொண்டு ஒதுங்கியே இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

இந்த இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து செய்ததற்கு ஒரு பெயர் உண்டு. ஹெல்த் லிட்டரசி.

1974இல் அமெரிக்காவில் வந்த ஒரு கட்டுரையில்தான் இந்தச் சொல் முதலில் புழங்கியது என்பார்கள். பள்ளியில் ஒவ்வொரு வகுப்புப் பிள்ளைக்கும் உடல்நலம் பற்றிக் குறைந்தபட்சம் இவ்வளவாவது தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்ட கட்டுரை அது. ஆக, பிறந்தபோதே பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து பிறந்த சொல். தமிழில் ‘நலவாழ்வு எழுத்தறிவு’, ‘சுகாதாரக் கல்வியறிவு’ என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். எனக்கு எதுவும் ஒட்டவில்லை. எழுத்தறிவு என்றதும் கையெழுத்துப் போடத் தெரிவதுதான் நினைவுக்கு வருகிறது. நம் பக்கத்தில் இதற்கு ஏற்கெனவே ஒரு வார்த்தை இருக்கிறது: விவரம். ‘விவரமான பிள்ளை’ என்றால் நிறைய மார்க் வாங்குகிற பிள்ளை என்று பொருளில்லை. கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையை எண்ணி வாங்கும், பாக்கெட்டில் தேதியைப் பார்க்கும், “அண்ணே, இது பழசா இருக்கே” என்று கேட்கும். அந்த விவரத்தை உடம்பு விஷயத்தில் காட்டினால் அதுதான் ஹெல்த் லிட்டரசி. இந்தக் கட்டுரையில் உடல்நல விவரம் என்றே சொல்லிக்கொள்கிறேன். கொரோனா காலத்தில் நம் பதின்வயதுப் பிள்ளைகளிடம் அது எப்படி இருந்தது என்பதுதான் இங்கே பேச்சு.

ஆய்வாளர்கள் இதை நான்கு வேலைகளாகப் பிரிக்கிறார்கள். தகவலைத் தேடி எடுப்பது, புரிந்துகொள்வது, நம்பலாமா என்று எடைபோடுவது, கடைசியில் அதை வைத்து ஏதாவது செய்வது. டான் நட்பீம் என்ற பொதுச் சுகாதாரப் பேராசிரியர் 2000இல் வேறு விதமாக, மூன்று படிகளாகச் சொன்னார். மாத்திரை அட்டையையும் நோட்டீசையும் படித்துப் புரிந்துகொள்வது முதல் படி. டாக்டரிடமும் நர்சிடமும் வாய் திறந்து கேட்டு, பேசி, தனக்கு வேண்டியதைப் பெறுவது இரண்டாவது. சொல்லப்படுவதையே கேள்வி கேட்பது மூன்றாவது.

படி என்றால் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற வேண்டும் என்று தோன்றும். செல்லூர் திண்ணையில் அப்படி நடக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அப்பத்தா நேராக மூன்றாம் படியில் நின்று கேட்டார். பேத்திக்கு முதல் படி தண்ணீர் பட்ட பாடு, மூன்றாவதில் தடுமாற்றம். அதே மாதிரி ஒரு நாள் வாட்ஸ்அப்பில் ஒன்று வந்தது: மூச்சை 10 விநாடி இழுத்துப் பிடித்து, இருமாமல் விட்டால் உங்களுக்குக் கொரோனா இல்லை. ஏதோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரும் போட்டிருந்தது. அவள் 40 விநாடி பிடித்துக் காட்டிவிட்டு, “நமக்கு ஒண்ணும் இல்ல” என்று அறிவித்தாள். அப்பத்தா வெற்றிலையை மடித்தபடியே சொன்னாராம்: “உங்க தாத்தா கெணத்துல முங்குனா ஒரு நிமிஷம் கழிச்சுத்தான் தலையத் தூக்குவாரு. அந்த மனுசன் டீபி வந்து தோப்பூர் ஆஸ்பத்திரியில படுக்கலையா?”

மூச்சுப் பிடிக்கும் சோதனை பொய். தொற்று இருக்கிற இளைஞர் பலரால் தாராளமாக மூச்சைப் பிடிக்க முடியும். தொற்றே இல்லாத வயதானவர் பலரால் முடியாது.

போன் யார் கையில் இருந்தது?

பதின்வயதினர் என்று தனியாகப் பேச ஒரு காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், பத்துக்கும் பன்னிரண்டுக்கும் மட்டுமே 2021 ஜனவரி 19இல் திறந்தன. நடுவில் பத்து மாதம் பாடம் எல்லாம் போனில், கொஞ்சம் கல்வித் தொலைக்காட்சியில். தோட்டை அடகு வைத்துப் போன் வாங்கிக் கொடுத்த வீடுகள் என் வகுப்பிலேயே உண்டு. வகுப்புக்காக வந்த அந்தப் போனில்தான் வதந்தியும் வந்தது, நோயாளி எண்ணிக்கையும் வந்தது, பரிசோதனை முடிவும் வந்தது. வீட்டில் தமிழையும் இங்கிலீஷையும் வேகமாகப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அந்தப் பதினாலு, பதினஞ்சு வயசுப் பிள்ளைதான். குடும்பத்துக்கே அது செய்தி வாசிப்பாளர், மொழிபெயர்ப்பாளர், மருந்துக்கடைக்கு ஓடுகிற ஆள். அதனால் ஒரு பிள்ளைக்கு விவரம் பத்தாமல் போனால் பாதிப்பு அந்தப் பிள்ளையோடு நிற்கவில்லை.

அதே சமயம், “சின்னப் பிள்ளைகளுக்கு இது வராது” என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. வரும். பெரும்பாலும் லேசாக வந்து போகும், அவ்வளவுதான். (மிக அரிதாக, தொற்றி இரண்டு முதல் ஆறு வாரம் கழித்து, விடாத காய்ச்சல், தடிப்பு, கண் சிவப்பு என்று உடம்பு முழுக்க அழற்சி வரலாம், அதற்கு உடனே ஆஸ்பத்திரி.) வயது கூடக் கூட ஆபத்து மளமளவென்று ஏறுகிற நோய் இது. வைகைக்குள் கிரிக்கெட் ஆடிவிட்டு வரும் பையனுக்கு ஒரு நாள் தொண்டை கரகரப்பு. அதே கிருமி சர்க்கரை உள்ள அவன் பாட்டிக்கு வேறு கதை. தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் 2020 மார்ச் 25இல் மதுரையில், நம் பெரியாஸ்பத்திரியில்தான் நடந்தது. இறந்தவருக்கு வயது 54, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருந்தன. ‘இணைநோய்’ என்ற வார்த்தை அன்றுதான் எங்கள் வீடுகளுக்குள் நுழைந்தது.

வார்த்தைகளில் ஒன்றைப் பற்றி எனக்கு இன்னும் கோபம் உண்டு: ‘சமூக இடைவெளி’. இங்கிலீஷில் சொன்னதை அப்படியே தூக்கி வைத்தார்கள். நம் ஊரில் “அவங்க எந்தச் சமூகம்?” என்றால் எதைக் கேட்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கும் இடைவெளிக்கும் முடிச்சுப் போட்டுச் சுவரில் எழுதுவது எவ்வளவு பெரிய விவரக்கேடு! உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில், சமூக உறவு அறுந்துவிடக் கூடாது, உடம்புக்கு உடம்பு தூரம் இருந்தால் போதும் என்ற பொருளில் தன் சொல்லை மாற்றிக்கொண்டது. இங்கேயும் ‘தனிநபர் இடைவெளி’ என்று சிலர் எழுதினார்கள், ஆனால் சுவரெழுத்து மாறவில்லை. என் வகுப்பில் ஒரு பையன் கேட்டான், “ஒரே சமூகம்னா பக்கத்துல நிக்கலாமா டீச்சர்?” கிண்டலாகக் கேட்டானா, நிஜமாகவே கேட்டானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

செய்தியை மக்களுக்குப் பிடிக்கிற மாதிரிச் சொன்ன நல்ல உதாரணமும் உண்டு. 2020 ஜூலையில் மதுரையில் ஓர் உணவகம் முகக்கவசம் மாதிரியே பரோட்டா போட்டு விற்றது. அதன் படம் இந்தியா முழுக்கச் சுற்றியது. நம் ஊரில் பரோட்டா சொன்னால் கேட்காத ஆள் யார்?

தனித்திருப்பதை அப்பத்தாவுக்குப் புரியவைக்க அக்கா மகள் கண்டுபிடித்த வழியை அதற்கு மேலே வைப்பேன். “பதினாலு நாள் யாரும் வெளிய போகக் கூடாதாம், இது என்ன ஜெயிலா?” என்றவரிடம் அவள் சொன்னது: “அம்மை போட்ட வீட்டுல என்ன செய்வீங்க?” வாசலில் வேப்பிலை சொருகுவோம், அதைப் பார்த்து யாரும் உள்ளே வர மாட்டார்கள், படுத்திருப்பவருக்குத் தனிப் பாய், தனித் தட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வெளியே போக மாட்டார் என்று அப்பத்தாவே வரிசையாகச் சொல்லி முடித்தார். “அதேதான் அப்பத்தா. வேப்பிலைக்குப் பதிலா மாநகராட்சி ஸ்டிக்கர்.” அன்றோடு சண்டை முடிந்தது.

உவமையில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். அம்மையில் கொப்புளம் தெரியும், கொரோனாவில் பலருக்கு எதுவுமே தெரியாது. (அம்மையும் கொப்புளம் வர ஒன்றிரண்டு நாள் முன்பே தொற்ற ஆரம்பிக்கும் என்பது வேறு விஷயம்.) கிருமி உள்ளே போனதிலிருந்து அறிகுறி காட்ட பெரும்பாலும் ஐந்து நாள் வாக்கில் ஆகும், பதினாலு நாள்வரைகூடப் போகலாம். அந்த 14 அப்படி வந்ததுதான். எட்டாம் நாள் ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்று கிளம்புகிறவருக்கு இந்தக் காரணம் தெரிந்தால் திரும்பி உட்கார வாய்ப்பு உண்டு. தெரியாவிட்டால் அது வெறும் ஜெயில்தான்.

மாத்திரை அட்டையில் பொடி எழுத்து

ஜூலையில் மாமாவுக்கே காய்ச்சல் வந்தது. மாநகராட்சியின் காய்ச்சல் முகாமில் சளி மாதிரி எடுத்துக்கொண்டு மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள். உறையில் 1-0-1 என்று பேனாவால் எழுதியிருந்தது. காலையில் ஒன்று, மதியம் கிடையாது, ராத்திரி ஒன்று. இது தெரியாமல் ‘நூத்தி ஒண்ணு காய்ச்சல் வந்தா போடணும்’ என்று நினைத்திருந்தார் மாமா. நான் கதை கட்டவில்லை.

அதற்கு முன்பே அவர் தெருமுனை மெடிக்கலில் சளிக்கு ஒரு கலப்பு மாத்திரையும், காய்ச்சலுக்கு டோலோ 650உம் வாங்கி வைத்திருந்தார். முகாமில் கொடுத்தது பாராசிட்டமால். அக்கா மகள் மூன்று அட்டையையும் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தாள். மூன்றிலும் பாராசிட்டமால்! பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, தாண்டினால் ஈரலுக்குக் கேடு. பெயர் வேறு, நிறம் வேறு, உள்ளே சரக்கு ஒன்று என்பது தெரியாமல் மூன்றையும் முழுங்கினால் அந்த எல்லையைத் தொட அதிக நேரம் ஆகாது. மாத்திரையின் பெரிய எழுத்து கம்பெனி வைத்த பெயர், அதன் கீழே இருக்கும் சின்ன எழுத்துதான் மருந்து. பதின்வயதுப் பிள்ளைக்கு உடம்பு விஷயத்தில் ஒரே ஒரு பழக்கத்தைச் சொல்லித்தரச் சொன்னால் நான் இதைத்தான் சொல்லித்தருவேன்.

அட்டையின் ஓரத்தில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. ஆன்டிபயாட்டிக் பலவற்றில் இது இருக்கும். ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. அந்த ஜூலையில் செல்லூரில் எத்தனை பேர் சீட்டு இல்லாமல் வாங்கிப் போட்டார்கள் என்று கேட்டால் பதில் சொல்லக் கஷ்டம்.

இதில் ஸ்டீராய்டு கதை கொஞ்சம் நுட்பமானது. 2020 ஜூனில் இங்கிலாந்தில் ஒரு பெரிய சோதனையின் முடிவு வந்தது. டெக்சாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு மருந்து, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களின் மரணத்தை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை. செய்தியின் முதல் பாதி மட்டும் போன் போனாகப் பறந்தது. 2021 இரண்டாம் அலையில் லேசான காய்ச்சலுக்கே பலர் ஸ்டீராய்டு விழுங்கினார்கள். ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கும், சர்க்கரையை ஏற்றும். கட்டுக்கடங்காத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த உடம்பில் கறுப்புப் பூஞ்சை நுழைந்தது. அந்த மே மாதம் தமிழ்நாடு அதை, கண்டால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோயாக அறிவித்தது. ‘நல்ல மருந்தா?’ என்பது அரைக் கேள்வி. யாருக்கு, எந்த நிலையில் என்பது மீதி அரை.

ஆவி பிடிப்பதும் கபசுரக் குடிநீரும் எங்கள் வீட்டிலும் நடந்தன. ஆவி மூக்கடைப்புக்கு இதம் தரும், வைரஸைக் கொல்லாது, கொதிக்கிற பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோன பிள்ளைகள் உண்டு. கபசுரக் குடிநீரை அரசே வீடு வீடாகக் கொடுத்தது. குடிக்கிறவர் குடிக்கட்டும். அதைக் குடித்தேன், அதனால் பரிசோதனைக்குப் போகவில்லை என்று சொல்வதில்தான் எனக்குச் சண்டை.

காக்கை உட்கார

2020 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனத் தலைவர் டெட்ரோஸ் ஒரு கூட்டத்தில், நாம் நோய்த்தொற்றோடு மட்டும் போராடவில்லை, தகவல் தொற்றோடும் போராடுகிறோம் என்று பேசினார். நமக்கு அது கோழி வடிவத்தில் வந்தது. கோழிக்கறியில் கொரோனா என்ற வதந்தியில் நாமக்கல்லில் கோழி, முட்டை விலை தரையைத் தொட்டது. அதைப் பொய் என்று காட்டுவது சுலபம். கஷ்டமானது, பாதி உண்மையோடு வருகிற செய்தி.

2021 ஏப்ரல் 15இல் நடிகர் விவேக் சென்னையில் அரசு மருத்துவமனைக்குப் போய் எல்லோரும் பார்க்கத் தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17ஆம் தேதி மாரடைப்பில் இறந்தார். ஊசி போட்டது உண்மை, இறந்தது உண்மை. நடுவில் ‘அதனால்’ என்ற ஒரு சொல்லை ஊரே போட்டுக்கொண்டது. அப்பத்தாவுக்கு அந்த மாதம்தான் கோவாக்சின் இரண்டாம் ஊசி. விவேக் போட்டதும் கோவாக்சின். “நான் வரலை” என்று படுத்துவிட்டார்.

இப்படி ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்ததாலேயே முதலாவதுதான் காரணம் என்று நினைப்பதற்கு நம்மிடம் பழைய பெயர் இருக்கிறது: காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அக்கா மகள் அதை வைத்தே பேசினாள். “காக்கா உக்காரலைன்னாலும் பழம் விழுந்திருக்குமான்னு பாக்கணும் அப்பத்தா.” ஊசி போட ஆரம்பிப்பதற்கு முன்பும் மாரடைப்பில் தினமும் ஆட்கள் இறந்துகொண்டுதான் இருந்தார்கள். நாளுக்கு லட்சக்கணக்கில் ஊசி போடும்போது, அதில் சிலருக்கு மறுநாளோ மூன்றாம் நாளோ மாரடைப்பு வராமல் இருந்தால்தான் அதிசயம். வழக்கமாக வருவதைவிட அதிகமாக வருகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. விவேக்கின் இதயத்தின் முக்கியமான ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்தது என்று மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள். மத்திய அரசின் ஆய்வுக் குழு, ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று சொன்னது அக்டோபரில். அப்பத்தா முடிவெடுக்க வேண்டியிருந்ததோ ஏப்ரலில். பாதித் தகவலோடு முடிவெடுக்கப் பழகுவதும் இந்த விவரத்தில் சேர்த்திதான்.

“அப்ப ஊசியால ஒண்ணுமே வராதுன்னு எழுதித் தர்றியா?” என்று அவர் கேட்டபோது பேத்தி எழுதித் தரவில்லை. நல்லது. கை வலி, காய்ச்சல் சகஜம். மிக அரிதாகப் பெரிய பின்விளைவும் உண்டு. கோவிஷீல்டு வகை ஊசியில் லட்சங்களில் ஒரு சிலருக்கு ரத்தம் உறையும் சிக்கல் வந்தது உலகம் அறிந்தது. ஒன்றுமே வராது என்று சத்தியம் செய்துவிட்டு நாளைக்கு ஒன்று வந்தால், அதற்கப்புறம் நாம் சொல்கிற எதையும் யாரும் கேட்க மாட்டார்கள்.

சதவீதத்திலும் இப்படி ஒரு குழி. கோவாக்சினின் செயல்திறன் 77.8 சதவீதம் என்றால், ஊசி போட்ட நூறு பேரில் 22 பேருக்கு நோய் வரும் என்று என் வகுப்பில் எல்லோருமே எழுதினார்கள். ஆசிரியர் அறையிலும் பாதிப் பேர் அதைத்தான் சொன்னார்கள். நடந்தது இது: சுமார் 25,800 பேரை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு ஊசி, இன்னொரு கூட்டத்துக்கு மருந்தில்லாத ஊசி. அறிகுறியோடு நோய் வந்தது மொத்தம் 130 பேருக்கு. மருந்தில்லாத கூட்டத்தில் 106, மருந்து போட்ட கூட்டத்தில் 24. அங்கே 106 பேருக்கு வந்தது இங்கே 24 பேருக்குத்தான் வந்தது என்ற அந்தக் குறைவைத்தான் சதவீதமாகச் சொல்கிறார்கள். கரும்பலகையில் இரண்டு வட்டம் போட்டால் எட்டாம் வகுப்புக்கே புரிகிற கணக்கு.

வாய் திறக்க முடியாத கேள்விகள்

அதே ஏப்ரலில் இன்னொரு செய்தி சுற்றியது. மாதவிடாய்க்கு ஐந்து நாள் முன்னும் பின்னும் பெண்கள் ஊசி போடக் கூடாது என்று. அரசு உடனே மறுத்தது. ஆனால் மறுப்பு வந்தது டிவியில், அப்பாவும் அண்ணனும் உட்கார்ந்திருக்கும் கூடத்தில். சந்தேகம் இருந்ததோ பிள்ளைகளின் போனில். நடுவில் பேச ஆள் இல்லை. பள்ளி இருந்தால் என் மேஜைக்கு வந்து குசுகுசுவென்று கேட்டிருப்பார்கள். பள்ளி வழியாக வந்துகொண்டிருந்த இலவச நாப்கினும் வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையும் பள்ளி மூடியதில் பல இடங்களில் தடைபட்டன. அதையும் யாரும் வெளியே சொல்லவில்லை.

பிற்பாடு ஆராய்ச்சியில், ஊசிக்குப் பிறகு சிலருக்கு அடுத்த சுற்று ஏறத்தாழ ஒரு நாள் தள்ளிப்போவது தெரிந்தது. தற்காலிகம்தான், ஆபத்தில்லை. ‘உனக்கு மனப்பிரமை’ என்று சொல்லப்பட்ட பிள்ளைகள் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது. கேட்க ஆள் இருந்தால் இதையும் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். தமிழ்நாட்டில் 104க்கு அடித்தால் உடல்நலச் சந்தேகமும் மனக்கஷ்டமும் பேசலாம் என்பதை என் வகுப்பில் நாலு பேர்தான் கேள்விப்பட்டிருந்தார்கள். 108 எல்லோருக்கும் தெரியும்.

விவரம் இருந்தும் செய்ய முடியாத இடமும் உண்டு. “தனி அறையில், தனிக் கழிப்பறையோடு இருங்கள்” என்றது நோட்டீஸ். செல்லூரில் அந்த வரிசை வீடுகளில் ஆறு குடும்பத்துக்கு இரண்டு கழிப்பறை. மாமாவுக்குப் பாசிட்டிவ் வந்ததும் பராமரிப்பு மையத்துக்கு அழைத்துப் போனார்கள், அதனால் தப்பித்தோம். பிள்ளைகளுக்கு விவரம் பத்தவில்லை என்று கைநீட்டும் முன், நோட்டீஸ் எழுதியவர் அந்த வீட்டை ஒருமுறை எட்டிப் பார்த்தாரா என்றும் கேட்க வேண்டும். கருவியிலும் இதே கதை. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 94க்குக் கீழே காட்டினால் ஆஸ்பத்திரி என்று படித்தோம். குளிர்ந்த விரல், அடர் நிற நகப்பூச்சு எல்லாம் கணக்கைத் தவறாக்கும். கறுத்த தோலில் உண்மையைவிடக் கூட்டிக் காட்டுவதும் உண்டு. 2020 டிசம்பரில் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஆக்சிஜன் குறைவைக் கருவி காட்டாமல் விட்டது வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு. நம் ஊர் நிறத்துக்கு இது சின்னச் செய்தியா? எண் 95 என்று காட்டினாலும், நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்குகிற ஆளை எண்ணை நம்பி வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

அப்பத்தா 2021 ஏப்ரல் கடைசியில் இரண்டாம் ஊசி போட்டுக்கொண்டார். சித்திரைத் திருவிழா அந்த வருஷமும் கோயிலுக்குள்ளேயே முடிந்துவிட்டது, அழகர் ஆற்றுக்கு வரவில்லை. “அவரே வீட்டுல இருக்காரு, நான் எங்க போகப் போறேன்” என்று சொல்லிக்கொண்டே கிளம்பினார்.

2022 ஜனவரி 3 முதல் 15இலிருந்து 18 வயதுவரை உள்ளவர்களுக்கும் ஊசி ஆரம்பித்தது. அக்கா மகள் பிளஸ் டூ, பள்ளியிலேயே போட்டார்கள். போட்டதும் அரை மணி நேரம் உட்கார வேண்டும். பையன்கள் நழுவப் பார்த்தார்களாம். கடுமையான ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அந்த அரை மணிக்குள்தான் வரும், அதற்கான மருந்தோடு நர்ஸ் இங்கே இருக்கிறார், கிரிக்கெட் மைதானத்தில் இல்லை என்று இவள் சொன்னதும் உட்கார்ந்தார்களாம். எனக்கு அதில் பாதிதான் நம்பிக்கை. மைதானம் பூட்டியிருந்திருக்கும்.

அந்த மாதக் கடைசியில் அப்பத்தாவுக்கு இரண்டாம் ஊசிக்குப் பிறகு மூன்றாம் ஊசிக்காகக் காத்திருக்க வேண்டிய ஒன்பது மாதம் முடிந்தது. இந்தத் தடவை நான்தான் கூட்டிப்போனேன். பேத்திக்கு ரிவிஷன் டெஸ்ட். வரிசையில் எங்கள் முறை வந்தது. நர்ஸ் சேலையை ஒதுக்கச் சொன்னார். அப்பத்தா கையை நீட்டவில்லை.

“இரு தாயி. போன ரெண்டு தடவை போட்டதேதானே இது? மாத்திப் போடக் கூடாதாம்ல. குப்பியக் காட்டு. எனக்குப் படிக்கத் தெரியாது, இவ படிப்பா.”

நர்ஸ் என்னைப் பார்த்தார். அப்புறம் குப்பியைத் திருப்பி என் பக்கம் நீட்டினார். நான் என் கண்ணாடியைத் தேடினேன். வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.